வெளியே எரியும் அடுப்பும் அடுத்த வீட்டுப் புகையும்

நாற்பது வருடங்களாகப் பத்திரிகைகளில் எழுதிவந்த ஒருவனிடம் உறவினர்கள் கேட்கும் உதவிகளில் முதன்மையானது, கடிதம் எழுதித் தரும்படி கேட்பதுதான். ஓய்வூதியத்துக்கான மேன்முறையீடு, விசா மறுக்கப்பட்டமைக்கான விளக்கம், பிள்ளையின் பாடசாலை அனுமதி, காணி எல்லைத் தகராறு என எத்தனையோ கடிதங்களை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத முடியாது என்று நான் மறுத்த கடிதம் ஒன்றே ஒன்றுதான். அது ஓர் அடுப்பைப் பற்றியது.

2019ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் கிழக்கு ஒன்ராறியோவில் கிங்ஸ்ரன் நகருக்கு வடக்கே வாழும் என் தமக்கையின் மகன் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் ரொறன்ரோவையும் அதன் அயலையும் விட்டு அசையாதிருக்க, அவர் அங்கிருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு பழைய பண்ணை வீட்டையும் அதனோடு சேர்ந்த காட்டு நிலத்தையும் வாங்கிக் குடியேறியிருந்தார். நான் சென்ற மறுநாள் காலை, யன்னல் வழியே வெளியே பார்த்தபோது, வெண்பனி மூடிய வளவின் ஓரத்தில் தகரத்தால் அடைத்த ஒரு சிறிய கொட்டில் தெரிந்தது. எங்கள் ஊர் வளவுகளின் கோடியில் முன்னொரு காலத்தில் இருந்த கக்கூசுதான் என் நினைவுக்கு வந்தது. இத்தனை குளிரில் அங்கே போய்வர வேண்டுமோ என்று நான் உள்ளூர அஞ்சியதை இப்போது ஒளிப்பானேன்? கூரையில் ஒரு குட்டையான புகைபோக்கியும் அதிலிருந்து சாம்பல் நிறத்தில் தடித்த புகையும் வந்துகொண்டிருந்ததைக் கண்ட பின்னரே அது வேறெதுவோ என்று புரிந்தது.

அதுதான் வெளிப்புற விறகுச் சூடாக்கி. வட அமெரிக்காவின் கிராமப்புறங்களில் 1980களிலிருந்து பரவிய பொருள். உருக்கினாலான ஒரு பெரிய தீயறை. அதைச் சுற்றி நீர் நிறைந்த ஓர் உறை. மருமகனின் சூடாக்கியில் ஏறக்குறைய எழுநூறு லீற்றர் நீர் கொள்ளும். தீயினால் அந்நீர் எண்பது பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறுகிறது. நிலத்தின் கீழ்ப் புதைத்த குழாய் வழியாக ஒரு சிறு பம்பி அதை வீட்டுக்குள் அனுப்புகிறது. அங்கே மோட்டார் வாகனங்களின் ரேடியேற்றரைப் போன்ற ஒரு கருவியினூடாக நீர் செல்ல, அதன்மேல் ஊதப்படும் காற்று சூடாகி அறைகளுக்குப் போகிறது. குளிப்பதற்கான சுடுநீரும் இதனாலேயே கிடைக்கிறது. வெப்பத்தை இழந்த நீர் மறு குழாயினூடாகச் சூடாக்கிக்குத் திரும்புகிறது.

இதன் நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. தீ வீட்டுக்கு வெளியே இருப்பதால் வீடு தீப்பற்றும் அச்சம் குறைவு. காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு படுக்கையறைக்குள் வந்து உறக்கத்திலேயே ஆளைக் கொல்லும் அபாயமும் குறைவு. விறகோடு வரும் பூச்சி, மரப்பட்டை, சாம்பல் எதுவும் கூடத்துக்குள் வருவதில்லை. அவ்வீதிக்கு இயற்கை எரிவாயுக் குழாய் வரவில்லை. எண்ணெயாலும் கொள்கல எரிவாயுவாலும் ஒரு பழைய பண்ணை வீட்டைச் சூடாக்கும் செலவு, குளிர்காலத்தில் ஒரு சம்பளத்தின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். அவருடைய காணியிலோ ஆஷ் மரங்கள் வரிசையாகச் செத்து நின்றன. ஆசியாவிலிருந்து வந்து 2002இல் டெட்றொயிற்றிலும் வின்ட்சரிலும் கண்டுபிடிக்கப்பட்ட மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று, வட அமெரிக்காவின் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. (இந்த வண்டு விறகோடு பயணம் செய்வதால், விறகை ஊர்விட்டு ஊர் கொண்டு செல்வதற்குக் கூடக் கட்டுப்பாடுகள் உண்டு. அவரவர் விறகை அவரவர் ஊரில் எரிப்பதே சரி.) இப்படி விறகு இனாமாகக் கிடைக்கும்போது எண்ணெய்க்குக் காசைக் கொட்டுவானேன் என்று மருமகன் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கோ ஒரு பண்ணையில் கழற்றி விற்கப்பட்ட பழைய சூடாக்கி ஒன்றை அவர் மலிவாக வாங்கி நிறுவியிருந்தார்.

நான் போன மூன்றாவது வாரம், நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் சூடாக்கியின் புகை குறித்து அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்துள்ளார், உங்கள் பதிலை எழுத்தில் தருக என்பது அதன் சாரம். மருமகன் அதை மேசையில் வைத்து, "மாமா, இதுக்கு ஒரு மறுமொழி எழுதித் தாருங்கோ. இவைக்கு எங்களைப் பிடிக்கேல்லை, அதுதான் விசயம். நிறத்தைப் பார்த்துத்தான் முறைப்பாடு வைக்கினம் எண்டு நல்ல இங்கிலிசிலை எழுதுங்கோ" என்றார்.

அவருடைய சந்தேகம் காற்றிலிருந்து பிறந்ததல்ல. அந்தச் சிற்றூரின் கடையொன்றில் ஒருவர் அவரைப் பார்த்து, உன் நாட்டுக்குத் திரும்பிப் போ என்று ஒருமுறை கத்தியதை அவர் மனைவி எனக்குச் சொல்லியிருந்தார். 1977இலும் 1983இலும் வீடு எரிந்த குடும்பத்தின் பிள்ளை, அயலவன் தன்னை எப்படிப் பார்க்கிறான் என்பதில் மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலான கவனத்தோடு இருப்பதை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் ஒரு தரப்பை மட்டும் கேட்டு எழுதக்கூடாது என்று இளம் செய்தியாளர்களுக்கு ஆயுள் முழுவதும் சொல்லி வந்தவன் நான். அடுத்த நாள் முற்பகல் வீதியைக் கடந்து முறைப்பாட்டாளரின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. என்னை உள்ளே அழைத்துத் தேநீர் தந்தார். கூடத்தில் அவருடைய கணவர் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு அமர்ந்திருந்தார். யன்னல் விளிம்புகள் யாவும் ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்தன. அப்படியிருந்தும் அந்த வீட்டின் திரைச்சீலைகளில், மெத்தைகளில், எனக்குத் தந்த துவாயில் கூட, அணைத்த அடுப்பின் நாற்றம் இருந்தது. அக்கூடத்தின் மூலையிலும் ஒரு விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதே எனக்கு வியப்பு. அவர் விறகுக்கு எதிரியல்லர். சிறுவயதிலிருந்தே விறகோடு வாழ்ந்தவர். "உங்கள் மருமகன் எரிப்பது விறகல்ல, பச்சை மரம். அவரிடம் அதைச் சொல்ல இரண்டு முறை வந்தேன். அவர் கதவைத் திறக்கவில்லை" என்றார். வெளியே வந்து அவர்களுடைய புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தேன். அனல் காற்று அசைவது தெரிந்ததேயன்றிப் புகை தெரியவில்லை. வீதிக்கு இந்தப்பக்கமிருந்து மருமகனின் புகையோ, மேலே எழ மனமின்றி, பனியின்மேல் ஊர்ந்து வந்து அவர்கள் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலை, அந்தக் கடிதத்தை எழுத முடியாது என்று மருமகனிடம் சொன்னேன். "தம்பி, நீர் சொல்லுறது வேறை இடத்திலை உண்மையா இருக்கலாம். இது புகை" என்றேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்தச் சூடாக்கி ஏன் இப்படிப் புகைக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, கரி சுடுபவர்களை நினைத்துக்கொண்டால் போதும். அவர்கள் விறகை அடுக்கித் தீமூட்டி, மண்ணால் மூடிக் காற்றை அடைத்துவிடுகிறார்கள். மரம் எரியாமல் வேகிறது. எரியாத வாயுக்கள் யாவும் புகையாக வெளியேற, கரி எஞ்சுகிறது. பழைய வகை வெளிப்புறச் சூடாக்கி நாளின் பெரும்பகுதியில் செய்வது இதையே. நீர் வேண்டிய அளவு சூடாகியதும், காற்றுவழியை ஒரு தகடு தானாக மூடிக்கொள்கிறது. உள்ளேயிருக்கும் ஐம்பது கிலோ விறகு அணையவும் முடியாமல் எரியவும் முடியாமல் கனன்றுகொண்டிருக்கிறது. விறகில் உள்ள வெப்பத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கு அதிலிருந்து பிரியும் வாயுக்களில்தான் உண்டு. அவை முழுதாக எரிய ஏறத்தாழ அறுநூறு பாகை செல்சியஸ் வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். தீயறையின் சுவர்களுக்குப் பின்னால் நீர் நிற்பதால் அச்சுவர்கள் என்றும் குளிர்ந்தே இருக்கின்றன. எனவே வாயுக்களின் ஒரு பகுதி கரிய பிசினாகச் சுவரில் படிகிறது. மிகுதி அயலவனின் வீட்டுக்குப் போகிறது. புகையாகப் போவது காசு என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்வகைப் பழைய சூடாக்கிகள் பலவற்றில் விறகின் வெப்பத்தில் பாதியளவுதான் வீட்டுக்குள் வந்து சேர்கிறது.

இதோடு பச்சை விறகும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அன்று வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர். ஐம்பது கிலோ பச்சை விறகை உள்ளே தள்ளினால், இருபத்தைந்து கிலோ மரத்தோடு இருபத்தைந்து லீற்றர் நீரையும் தள்ளுகிறோம். அந்த நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதற்கே மரத்தின் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கு செலவாகிறது. அது போனால் போகட்டும். ஆவியாகும் நீர் தீயைக் குளிர்விப்பதால் எரியாமல் போகும் வாயுக்களே பெரிய இழப்பு. பெரிய சூடாக்கி, எதையும் எரிக்கும், பிளக்கவும் தேவையில்லை, உலர்த்தவும் தேவையில்லை என்று விற்றவர் மருமகனுக்குச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியம் செய்த தீங்கு கொஞ்சமல்ல.

அமெரிக்காவில் இவ்விடயம் சட்டத்தின் கவனத்துக்கு வந்த கதை, சட்டங்கள் எப்போதும் எவ்வளவு பிந்தி நடக்கின்றன என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டுக்குள் வைக்கும் விறகடுப்புகளுக்கு அந்நாட்டின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1988இலேயே புகைக் கட்டுப்பாடு விதித்தது. வெளிப்புறச் சூடாக்கிகள் அந்த விதிக்குள் அடங்கவில்லை. வேர்மொண்ட் மாநிலம் 1997இல், அடுத்த வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளியே இவற்றை நிறுவ வேண்டும் என விதித்தது. 2005இல் கனெக்ரிக்கட் மாநிலமும் அதே தூரத்தைச் சட்டமாக்கியது. அவ்வருடமே நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் எலியட் ஸ்பிற்சரின் அலுவலகம் இவைபற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. வடகிழக்கு மாநிலங்களின் காற்றுத்தர முகவரகங்கள் கூட்டாக நடத்தும் அமைப்பு 2006இல் வெளியிட்ட மதிப்பீட்டைப் படித்தபோது நான் ஒரு கணம் திகைத்தேன். ஒரு சராசரி வெளிப்புறச் சூடாக்கி வெளிவிடும் நுண்துகள், தரச்சான்று பெற்ற 22 விறகடுப்புகளின் அல்லது 205 எண்ணெய்ச் சூடாக்கிகளின் அளவுக்குச் சமம் என்றும், இயற்கை எரிவாயுச் சூடாக்கிகளோடு ஒப்பிட்டால் எண்ணாயிரம் வரை போகும் என்றும் அது கூறியது. எண்ணாயிரம் வீடுகள்! ஒரு சிறு பட்டினம்.

கூட்டரசு 2007இல் தொடங்கியது ஒரு விருப்பத் திட்டம் மட்டுமே. விரும்பிய உற்பத்தியாளர் சேரலாம். கட்டாய விதி 2015இல்தான் வந்தது. பத்து இலட்சம் பீ.ரி.யூ. வெப்பத்துக்கு 0.32 இறாத்தல் துகளுக்கு மேல் வெளிவிடக்கூடாது என்று முதலில் விதித்து, 2020 மே மாதத்திலிருந்து அதை 0.10 ஆக (வழமையான விறகால் சோதித்தால் 0.15 ஆக) இறுக்கினார்கள். இன்று புதிதாக வருபவை பெரும்பாலும் வேறு வகைப் பொறிகள். விறகிலிருந்து பிரியும் வாயுவை, தீக்களிமண் பூசிய இரண்டாவது அறையொன்றில் தனியே எரித்துவிட்டே புகைபோக்கிக்கு அனுப்புகின்றன. ஆனால் அந்தக் கூட்டரசு விதி, ஏற்கெனவே நிறுவப்பட்டு எரிந்துகொண்டிருந்தவற்றைத் தொடவில்லை. ஒன்ராறியோவிலும் தூரம், உயரம் முதலியவற்றைப் பெரும்பாலும் அந்தந்த ஊராட்சிகளின் துணைவிதிகளே தீர்மானிக்கின்றன. ஓரூரில் தடை, பக்கத்து ஊரில் அனுமதி.

என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அயலில் வீடு இருக்கும் இடத்தில் பழைய வகைச் சூடாக்கியை நிறுவவோ, கைமாற்றி விற்கவோ அனுமதிக்கக்கூடாது. தூரத்தை மட்டும் விதிப்பது போதாது. குளிர்கால இரவுகளில் நிலத்தையொட்டிய குளிர்காற்றின்மேல் இளஞ்சூடான காற்று மூடிபோல் படிந்துவிட்டால், இருநூறு அடியென்ன, ஊர் முழுவதும் புகை தேங்கி நிற்கும். அலஸ்காவின் ஃபெயார்பாங்ஸ் பகுதிக்கு நேர்ந்தது இதுவே. பெரும்பாலும் விறகுப் புகையின் காரணமாக, நுண்துகள் அளவு வரம்பை மீறிய பகுதியாக அது 2009இல் அறிவிக்கப்பட்டது. அங்கே உள்ளூர் நிர்வாகம் பழைய அடுப்புகளையும் சூடாக்கிகளையும் அகற்றுவோருக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை நடத்தியது. அதுவே சரியான வழி. ஏழை விவசாயி ஒருவனிடம் நாளையே அடுப்பை அணை என்று சொல்லும் அரசு, அவன் பிள்ளைகள் குளிரில் நடுங்காதிருக்க மாற்று வழி காட்டவும் வேண்டும்.

எங்கள் காணி, எங்கள் விறகு, எவன் கேட்பது என்ற வாதத்தை யாழ்ப்பாணத்தவரான நாங்கள் நன்கறிவோம். வேலியை ஒரு முழம் தள்ளி அடைத்ததற்காக மூன்று தலைமுறை வழக்காடிய குடும்பங்கள் எங்களிடையே உண்டு. எல்லையில் நிற்கும் பனையின் பழம் எந்தப் பக்கம் விழுந்தது என்பதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த சகோதரர்களை நான் கண்டிருக்கிறேன். அவ்வளவு நுட்பமாக எல்லையைக் காக்கத் தெரிந்த நாங்கள், எங்கள் புகை மட்டும் வேலியைத் தாண்டிப் போவதை எல்லை மீறலாக எண்ணுவதில்லை.

மூதாட்டியின் வீட்டிலிருந்து திரும்பிய அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த நாற்றம் எனக்குப் பழக்கமானது. வடமராட்சியில் நான் பிறந்த வீட்டுக் குசினியின் நாற்றம் அது. பனம்மட்டை, பொச்சு, ஊமல், மாரியில் நனைந்த பூவரசங்கொப்பு என எது கிடைத்ததோ அதை வைத்து, குழலால் ஊதி ஊதி அம்மா சமைத்தார். புகைக்கூடு இருந்தது. மழைக்கு ஒழுகுகிறதென்று அதன் வாயைத் தகரத்தால் மூடியிருந்தோம். 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் மருந்துபோல் ஆனபின், ஜாம் போத்தல் விளக்குக்கு வேண்டிய எண்ணெயே பெரும்பாடாகிவிட்டது. அடுப்புக்கு எங்கே போவது? ஈர விறகுதான். அந்தத் தடையைப் பற்றி நான் எத்தனை செய்திகள், எத்தனை ஆசிரிய தலையங்கங்கள் எழுதியிருப்பேன்! மண்ணெண்ணெய் விலை, வரிசை, அனுமதிப்பத்திரம், அரசின் மறுப்பறிக்கை எல்லாம் எழுதினேன். குசினிக்குள் என்ன நடந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. ஒரு நாளும் சிகரெட்டைத் தொட்டறியாத அம்மா, நாட்பட்ட சுவாசத் தடை நோயால் 2001இல் இறந்தார். எத்தனை வருடம் விறகில் சமைத்தவர் என்றுதான் வைத்தியர் முதலில் கேட்டார். நான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நான்கில் மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் விறகில் சமைத்தன. 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வீதியோரங்களில் நாட்கணக்காக வரிசை நின்றபோது, கொழும்பின் தொடர்மாடி வீடுகளிலும் விறகடுப்பு மூண்டது. அப்போதும் நாங்கள் எழுதியது வரிசையைப் பற்றியே.

மூன்றாம் நாள் மருமகனே வந்து, "சரி மாமா, என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ" என்றார். எனக்கு என்ன தெரியும்? வீதிக்கு அந்தப்பக்கம் தெரிந்தவர் இருக்கிறார் என்றேன். போனார். எங்கள் இருவருக்கும் அந்த மூதாட்டி சொல்லித் தந்தவை, பின்னர் நான் படித்தவை, மருமகன் பட்டுத் தெளிந்தவை ஆகியவற்றை, இத்தகைய சூடாக்கி வைத்திருக்கும் அல்லது வாங்க எண்ணும் வாசகர்களுக்காகச் சேர்த்து எழுதுகிறேன்.

விறகே முதலும் முடிவும். பிளந்து, மண்ணில் படாமல் உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவைக்க வேண்டும். மென்மரத்துக்கு ஒரு கோடை போதும். ஓக் போன்ற வன்மரத்துக்கு இரண்டு வருடமும் ஆகலாம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வரவேண்டும். இரு ஊசிகளுள்ள ஈரமானி ஒன்று சில டொலர்களுக்குக் கிடைக்கிறது. விறகை அப்போதே பிளந்து உட்புற முகத்தில் குத்திப் பார்க்க வேண்டுமேயன்றி, வெயில் பட்ட வெளிப்புறத்தில் குத்தி மகிழக்கூடாது. விறகு வாங்குவோர் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கோர்டு என்பது 128 கன அடி. ஒன்ராறியோவில் முகக்கோர்டு என்று விற்கப்படுவது பதினாறு அங்குல விறகின் ஒற்றை வரிசை. அதாவது அதில் மூன்றில் ஒன்று. விளம்பரத்தில் இரண்டும் ஒரே சொல்லாகவே தோன்றும்.

குப்பை, பிளாஸ்ரிக், வண்ணம் பூசிய பலகை எதையும் உள்ளே போடக்கூடாது. பழைய தளங்களையும் வேலிகளையும் கழற்றிய பலகைகள் மிகவும் ஆபத்தானவை. 2003ஆம் ஆண்டு முடிவு வரை வீட்டுப் பாவனைக்கு விற்ற பதப்படுத்திய பலகைகளில் ஆசனிக்கு இருக்கிறது. எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அதுவே. மருமகன் பழைய வேலித் தூண்களை எரித்த சாம்பலைக் கத்தரிப் பாத்திக்குப் போட்டிருந்தார் என்று அறிந்து அந்த மூதாட்டி தலையில் கைவைத்துக்கொண்டார்.

கதவைத் திறக்கும் விதத்தை நான் என் புருவத்தைக் கொடுத்துக் கற்றேன். காற்றின்றிக் கனலும் அறைக்குள் எரியாத வாயு நிறைந்திருக்கும். சடாரெனத் திறந்தால் காற்று புகுந்து தீச்சுவாலை வெளியே பாயும். ஓரங்குலம் திறந்து, பத்து விநாடி பொறுத்து, பக்கத்தில் ஒதுங்கி நின்று பின்னரே முழுதாகத் திறக்க வேண்டும். ஒரே தடவையில் வாய்வரை நிரப்புவதிலும், தேவைக்கேற்பச் சிறிது சிறிதாகப் போடுவதே புகையைக் குறைக்கும். கோடையில் குளியல் நீருக்காக மட்டும் இதை எரிப்பது மகா மூடத்தனம். தேவை சிறிது, தீ பெரிது. நாள் முழுவதும் புகைமூட்டம்தான். அயலவர் யன்னலைத் திறந்து உறங்கும் காலமும் அதுவே.

சூடாக்கியைக் கொல்வது தீயல்ல, துருதான். நீரில் துருத்தடுப்பு மருந்து கலந்து, வருடத்துக்கு ஒரு முறையாவது சோதித்து, குறைந்தால் சேர்க்க வேண்டும். திரும்பிவரும் நீர் அறுபது பாகைக்குக் கீழே குளிர்ந்து வந்தால் தீயறைச் சுவரில் அமிலப் பனி படியும். அதைத் தடுக்க ஒரு கலப்பு வால்வு உண்டு. பருவம் முடிந்ததும் சாம்பலை அப்படியே விட்டுவிட்டுப் போவதுதான் பலரும் செய்யும் பெரும் தவறு. சாம்பல் கோடையின் ஈரத்தை உறிஞ்சி உருக்கை அரித்து ஓட்டையாக்கிவிடும். பிசினைச் சுரண்டி, சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி (பல நாட்கள் சென்றும் அதில் தணல் இருக்கலாம்), உட்சுவருக்கு எண்ணெய் பூசி, புகைபோக்கியின் வாயை மூட வேண்டும். அடுத்த பருவத்தில் முதல் தீக்கு முன் அந்த மூடியை எடுக்க மறக்கக்கூடாது! கதவோரத்துக் கயிறு இறுகி நைந்திருந்தால் மாற்ற வேண்டும். காற்று கசிந்தால் தீயைக் கட்டுப்படுத்த முடியாது.

நிலத்தடிக் குழாயில் மிச்சம் பிடித்தவர்கள் பின்னர் அழுவார்கள். மருமகனின் வளவில் வீட்டுக்கும் சூடாக்கிக்கும் இடையே பனி உருகி ஒரு பச்சைப் புல் ஒழுங்கை தெரிந்தது. பார்க்க அழகு. மலிவான குழாயின் உறைக்குள் நிலத்தடி நீர் புகுந்து, வீட்டுக்குப் போக வேண்டிய சூடு மண்ணுக்குப் போயிருக்கிறது என்பதே அதன் பொருள். அக்குழாயை அவர் தோண்டியெடுத்து மாற்றியபின் அந்த ஒழுங்கை மறைந்தது. விறகுச் செலவு கண்கூடாகக் குறைந்தது.

மின்சாரம் இன்றேல் இது இயங்காது என்பதையும் பலர் யோசிப்பதில்லை. 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்ராறியோவையும் கியூபெக்கையும் தாக்கிய உறைபனி மழையால் சில இடங்களில் வாரக்கணக்காக மின்சாரம் இல்லை. கொட்டிலில் தீ இருந்தும் பம்பி ஓடாவிட்டால் வீடு குளிரும், குழாய் உறையும். ஒரு சிறிய மின்பிறப்பாக்கி அவசியம். மூதாட்டியின் கூடத்து அடுப்புக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் அயலவர் பலர் அவர் வீட்டில்தான் உறங்கினார்களாம்.

நகரசபைக்கு இறுதியில் நான் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். அந்தக் குளிர்காலத்தின் மிகுதிக்கு உலர்ந்த விறகு விலைக்கு வாங்கப்படும். புகைபோக்கி, உற்பத்தியாளரின் துண்டுகளைக் கொண்டே, எதிர்வீட்டுக் கூரை முகட்டுக்கு மேல் உயர்த்தப்படும். ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை தீ மூட்டப்படாது. கையொப்பமிட மருமகன் பதினொரு நாள் எடுத்தார். புகை பெருமளவு குறைந்தது என்றாலும் அறவே நிற்கவில்லை. 2021 இலையுதிர்காலத்தில் பழைய பொறியை இரும்புக் கடைக்கு எடைக்குக் கொடுத்துவிட்டு, வாயுவைத் தனியே எரிக்கும் புதிய வகையொன்றைக் கடனுக்கு வாங்கினார். கைமாற்றி விற்றிருந்தால் நல்ல காசு கிடைத்திருக்கும் என்று அவர் மனைவிக்கு இன்னமும் மனத்தாங்கல். புதியது முன்னையதன் பாதி விறகைத்தான் தின்கிறது என்றாலும், ஈர விறகைக் கண்டால் அடம்பிடிக்கிறதாம்.

மூதாட்டியின் கணவர் அதற்கு முந்திய வருடமே காலமாகிவிட்டார். அவருக்கு முன்பே சுவாசநோய் இருந்தது என்பதை மருமகன் எனக்கு இரண்டு தடவை சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வாரம் அவரிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் வந்தது. பிளந்த ஆஷ் விறகு, அதில் குத்திய ஈரமானி, இலக்கம் 17. பின்னணியில், எதிர்வீட்டுக்காக அடுக்கி வைத்த இன்னொரு கோர்டு.